பரிபூரணம் அக்காவும் எர்த் பைப்பும்

என் வீட்டில் என்னைத் துணி துவைக்கக் கூடாது என்று சொன்ன ஒரே ஆள் பரிபூரணம் அக்காதான். அதுவும் சித்திரை வெயிலில், கைக்குழந்தை இருக்கிற வீட்டில். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அவளையே துவைகல்லில் வைத்துக் கும்மியிருப்பேன். இன்றைக்கு அவளைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் நான் சும்மா விடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் நடந்ததைச் சொல்கிறேன்.

அக்காவுக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அப்பா ராஜரத்தினம் அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார். கடையில் தொங்கிய ரிம், கழற்றிப் போட்ட சீட்டு, மட்கார்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் தட்டித் தட்டித் தாளம் பழகியவள் இவள். வயசுக்கு வந்த பிறகும் சர்ச் பாட்டுக்குழுவில் காங்கோ வாசித்தாள். பொம்பளைப் பிள்ளை இப்படி உட்கார்ந்து கொட்டடிக்கலாமா என்று சிலர் முகத்தைச் சுளித்தார்களாம். "அப்ப நீங்க வாசிங்க, நான் பாடுதேன்" என்று எழுந்து ஒதுங்கி நின்றாளாம். ஒருத்தரும் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவள்தான் வாசித்தாள்.

கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்தாள். கட்டினவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டார். அதற்காக அக்கா அழுது நான் பார்த்ததில்லை. நூல் மில்லில் கோனில் நூல் சுற்றுகிற வேலையில் சேர்ந்தாள். ஷிப்ட் முடிந்த நேரமெல்லாம் மெல்லிசைக் குழுவில் தாளம். என் வீட்டுக்காரர் ஹமீது அதே குழுவில் கீபோர்டு வாசித்தார். பகலில் அவருக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை. அவர் அவளை அக்கா என்பார், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் குழுவுக்கு ரிதம் பேட் வாங்கினார்கள். பார்க்க ஒரு பெட்டி. மேலே வரிசையாக ரப்பர் தட்டுகள். ஒன்றைக் குச்சியால் அடித்தால் டிரம், அடுத்ததை அடித்தால் தவில், இன்னொன்றில் உருமி. சத்தம் முழுக்க வயர் வழியாகத்தான் வரும். வயரைப் பிடுங்கிவிட்டால் ரப்பரில் குச்சி படுகிற டொக் டொக் மட்டும் மிஞ்சும். காங்கோவை விட்டுவிட்டு அக்கா இதற்கு மாறினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றபடியே வாசிப்பாள். பேட் அவள் இடுப்பு உயரத்துக்கு இருக்கும்.

வ. புதுப்பட்டியில் ஒரு கோயில் பொங்கலுக்குக் கச்சேரி. நானும் போயிருந்தேன். நல்ல கூட்டம். பாட்டுக்கு நடுவில் முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, "அந்தம்மா சும்மா தொட்டுக்கிட்டு நிக்கி. மெசினு அதுபாட்டுக்கு வாசிக்கிப்பா" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா பாட்டை ஒழுங்காக முடித்தாள். முடித்ததும் வயரைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, முழுப்பாட்டின் தாளத்தையும் மறுபடி ஆரம்பத்திலிருந்து அடித்தாள். டொக் டொக் டொக். கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. வயர் இருந்தால் மெஷின் வாசிக்கிறது, வயர் இல்லாவிட்டால் சத்தமே இல்லை. பாவம், அவள் எதை வைத்து நிரூபிப்பாள்? வேனில் திரும்பும்போது, "தெரியாத சனம்க்கா, விடுங்க" என்று என் வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். "தெரிய வைக்கணும் ஹமீது" என்றாள்.

வருஷங்கள் போயின. தொண்ணூற்றெட்டில் என் வீட்டுக்காரரின் அண்ணன் காதர் சிங்கப்பூரிலிருந்து வரும்போது ஒரு டிஜிட்டல் ரெக்கார்டர் கொண்டுவந்தார். யாரோ உபயோகித்து விற்றது. அதில் கேசட் கிடையாது. உள்ளே ஒரு டிஸ்க். தாளம் ஒரு டிராக்கில், கீபோர்டு இன்னொன்றில் என்று தனித்தனியாகப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஸ்டுடியோவில் இருக்கிற சாமானை ஒரு பைக்குள் அடக்கிவிட்டான் பாரு என்று என் வீட்டுக்காரர் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தார். என்னைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

அதே நேரம் குழுவின் பாடகர் சின்னக்கருப்பன், சோழபுரத்துக்காரர், பருத்தி விவசாயி, தானே கட்டிய பாட்டுகளை மதுரையில் ஒரு கேசட் கம்பெனியில் பாடிக் காட்டிவிட்டு வந்தார். கம்பெனிக்காரர் பெயர் தவசிமுத்து. பாட்டு அவருக்குப் பிடித்துவிட்டது. குரலை மதுரையில் எடுத்துக்கொள்ளலாம், தாளமும் கீபோர்டும் நீங்களே எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றாராம். கூடவே ஒன்று சொன்னார். "இரைச்சல் கிரைச்சல் இருந்தா எனக்கு வேண்டாம். அப்படின்னா கீபோர்டையும் இங்கயே எடுத்துக்கிடலாம். தாளத்துக்கு எங்ககிட்ட ரிதம் மெஷின் இருக்கு, பட்டனைத் தட்டினா அதுவா வாசிச்சிட்டுப் போவுது."

சின்னக்கருப்பன் இதை எங்கள் வீட்டில் வந்து சொன்னபோது அக்கா டீ குடித்துக்கொண்டிருந்தாள். தம்ளரைக் கீழே வைத்தாள்.

"மெசினு வாசிக்கப்படாது. நான்தான் வாசிப்பேன். எம்புட்டுச் சுத்தமா வேணும்னு கேட்டியளா அவியகிட்ட?"

"துளி இரைச்சல் இருக்கப்படாதாம்க்கா."

"இருக்காது."

மறுநாளே முதல் ஷிப்ட் முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பின்கட்டு அறையில் பேட், ரெக்கார்டர் எல்லாம் வைத்தார்கள். அறையைத் தாண்டினால் கொல்லை, துவைகல், அடிபம்பு.

முதல் பாட்டு எடுத்துப் போட்டுக் கேட்டார்கள். அப்பளத்தை நொறுக்குகிற மாதிரி சத்தம். அக்காவின் முகம் செத்துப்போயிற்று. தப்பு அவள் கையில் இல்லை, பழக்கத்தில் இருந்தது. கேசட்டில் பதியும்போது மீட்டர் ஊசி சிவப்புக் கோட்டில் ஏறி ஆட வேண்டும், அப்போதுதான் டேப்பின் இரைச்சல் அமுங்கும் என்பது எங்கள் ஊர் மைக்செட்காரர்கள் எல்லாருக்கும் பாடம். இந்த மெஷினிலோ சிவப்பு விளக்கு ஒரு தடவை எரிந்தால் அந்த அடி உடைந்தது உடைந்ததுதான். "இருக்கதுலயே பலமான அடி எதுவோ அதை அடிங்கக்கா" என்று இவர் சொல்லி, அதற்கும் சிவப்பு எரியாதபடி உள்ளே வருகிற சத்தத்தைக் குறைத்து வைத்தார்.

அது பாதி வேலைதான். சின்னக்கருப்பன் மேலே எடுத்துப் பாடுகிற இடத்தில் அக்காவின் கையும் தானாக ஏறிவிடும். மேடையில் அதற்குத்தான் கைதட்டல். இங்கே அதே இடத்தில் சிவப்பு எரிந்தது. அக்கா என் பிள்ளையின் தலையணையை வாங்கிக்கொண்டு போனாள். வீட்டில் அதை மடியில் வைத்து, வேகம் ஏறினாலும் பலம் ஏறாமல் அடித்துப் பழகினாள். தலையணை திரும்பி வரும்போது உள்ளே பஞ்சு தூளாகியிருந்தது. கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டது.

இந்த இடத்தில்தான் என் தலையில் கை வைத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் முன்பு சர்ச் பாட்டுகளைக் கேசட்டில் பிடித்தபோது, நடுவில் ஒரு காக்கா கத்தி மூன்று பாட்டு வீணாய்ப் போயிற்றாம். அந்தப் பயம் அவளுக்குப் போகவே இல்லை. வீட்டுக்குச் சட்டம் போட்டாள். மிக்சி ஓடக்கூடாது. பம்பு அடிக்கக்கூடாது. கொல்லையில் துணி துவைக்கக்கூடாது.

"காலையில துவைச்சுக்கிடுதேனே" என்றேன்.

"காலையில ஹமீது கேட்டுப் பாக்கணும்லா. இது முடியட்டும் தாயி. பொறவு நானே வந்து துவைச்சுத் தாரேன்."

அக்கா சொன்னால் என் வீட்டுக்காரருக்கு மறுபேச்சு கிடையாது. நான் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரெண்டு தெரு தள்ளி என் அம்மா வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் விசாரணை. "ஏட்டி ஆரிபா, ஒங்க பம்புல தண்ணி வத்திப்போச்சா?" எங்கள் பம்பில் தண்ணீர் இருந்தது. கேட்ட எல்லாருக்கும் சிரித்து வைத்தேன். உள்ளே வெந்துகொண்டிருந்தேன்.

வீடு ஊமையானது. ஆனால் முதல் சில நாள் இல்லாத ஓர் இரைச்சல் மெல்ல உள்ளே வந்தது. 'உம்ம்' என்று அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அடி விழும்போது தெரியாது. அடிக்கும் அடிக்கும் இடையில், சத்தமே இருக்கக் கூடாத இடத்தில், நன்றாகக் கேட்டது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடியது. ரெக்கார்டரின் ஓரத்தைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஏறியது. இவர் பிளக்கைக் கழற்றினார், வயரை மாற்றினார், கொல்லையில் எர்த் பைப்பில் கம்பி இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. இரைச்சலும் இருந்தது.

"தறிதான்" என்றார் கடைசியில். எங்களுக்குப் பின்தெருவில் சுப்புராஜ் என்பவருக்குப் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிக் கூடம். அத்தனை மோட்டாரும் எங்கள் லைனில்தான் ஓடின. அவரிடம் போய்க் கேட்க இவருக்குக் கூச்சம். அக்கா கிளம்பிவிட்டாள். வேடிக்கை பார்க்க நானும் பின்னால் போனேன்.

சுப்புராஜ் தெலுங்கு பேசுகிறவர். "ஏமம்மா, ஒரு பாட்டுக்குத் தறியை நிறுத்தச் சொல்லுதியா?" என்றார்.

"ஒரு பாட்டுக்கு இல்லண்ணே, எட்டுப் பாட்டுக்கு. இன்னிக்குச் செத்த நேரம் நிறுத்திப் பாத்தா போதும். ஒங்க தறிதானான்னு தெரிஞ்சுக்கிடணும்."

அவர் சிரித்துவிட்டார். ஆட்கள் டீ குடிக்கிற நேரத்தில் மெயினையே இறக்கிவிட்டார். தெரு திடீரென்று அமைதியாகிவிட, தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய என் பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது. அக்கா ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். உம்ம். அப்படியே இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாகிவிட்டதே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அக்கா திரும்ப அவர் கூடத்துக்குப் போய், "மன்னிச்சிருங்கண்ணே, ஒங்க தறி இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தாள். எத்தனை பேர் அப்படிப் போய்ச் சொல்லுவார்கள்?

மதுரையிலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் மெஷினிலேயே தாளத்தைப் போட்டுக்கொள்கிறேன் என்றார் தவசிமுத்து. அக்கா மில்லுக்கு லீவு சொன்னாள். அவள் லீவு போட்டு நான் அறிந்ததில்லை. காலையிலிருந்து அந்த அறையிலேயே உட்கார்ந்துகொண்டு எடுப்பதும் கேட்பதும் அழிப்பதுமாக இருந்தாள். இரைச்சல் விடாக்கண்டன், இவள் கொடாக்கண்டன். இவருக்குக் கை ஓய்ந்துவிட்டது. "விட்ருவோம்க்கா, மெசினே வாசிச்சுட்டுப் போகட்டும்" என்றார்.

"புதுப்பட்டில சொன்னதையே நீயும் சொல்லுத."

இவர் மறுபடி பிளக்கைக் கழற்றப் போனார்.

அன்றைக்குப் பார்த்து என் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. துணி மலையாகக் குவிந்தது. அம்மா வீட்டில் தண்ணீர் இல்லை என்று ஆள் வந்து சொல்லியாயிற்று. எனக்குப் பொறுமை அற்றுப்போனது. வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அக்கா குச்சியோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஆரிபா, செத்த நேரம் பொறு."

"பொறுத்தது போதும்க்கா. எம்பிள்ளைக்கு உடுத்தத் துணி இல்ல. ஒங்க தாளம் ஒங்களுக்குப் பெருசுன்னா எனக்கு என் வீடு பெருசு. இன்னிக்குத் துவைச்சே தீருவேன்."

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு உள்ளே போய் உட்கார்ந்தாள். நான் பம்பை அடித்தேன். வாளி வாளியாக ஊற்றினேன். பிள்ளைத் துணியை முடித்து, கிடந்த துணியெல்லாம் எடுத்துப் போட்டேன். என் மாமியாரின் நூல் சேலையை எடுத்துக் கல்லில் அடித்த அடியில் அத்தனை நாள் கோபமும் இறங்கியது. கொல்லை முழுக்கத் தண்ணீர்.

ரொம்ப நேரம் கழித்து அக்கா ஹெட்போன் வயரை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். திட்டப்போகிறாள், நானும் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நிமிர்ந்தேன்.

"ஆரிபா, இன்னும் ரெண்டு வாளி ஊத்து" என்றாள்.

நான் ஊற்றினேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். "கொறையுது. ஹமீது, இங்க வா, கொறையுது."

இவர் ஓடிவந்து முதலில் ரெக்கார்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு துவைகல்லுக்குப் பக்கத்தில் ஈரத்தில் நின்ற எர்த் பைப்பைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். விஷயம் இதுதான். எர்த் பைப்பைக் கரியும் உப்பும் போட்டுக் குழியில் புதைத்திருப்பார்கள். அந்தக் குழி ஈரமாக இருந்தால்தான் மெஷினில் கசிகிற கரண்ட் மண்ணுக்குள் இறங்கும், இல்லாவிட்டால் இரைச்சலாக வரும். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் துவைத்த தண்ணீர்தான் தினமும் அந்தக் குழிக்குப் போய்க்கொண்டிருந்தது. துவைக்காதே என்றார்கள். சித்திரை வெயிலில் குழி காய்ந்தது. கம்பி சரியாக இருந்து என்ன செய்ய, மண் செத்துவிட்டதே. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. நான் அவ்வளவு நேரம் கும்மிய சத்தத்தில் ஒரு துளிகூடப் பதிவில் இல்லை. பேட்டின் சத்தம் வயர் வழியாக நேரே ரெக்கார்டருக்குப் போகிறது, வீட்டில் இடி விழுந்தாலும் அதற்குக் கேட்காது. மைக் வைத்து எடுத்த பழக்கத்தில் வீட்டையே ஊமையாக்கியிருந்தோம்.

"வெளிச் சத்தம் இதுல பதியாதுன்னு ரேடியோ ரிப்பேர் பாக்குறவுகளுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும். அக்கா சொன்னா யாரு எதுத்துப் பேசுறது?" என்றார்.

அக்கா என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "தப்பு எம்மேலதான் தாயி. இனி தெனமும் நான் வாசிக்கும்போது நீ துவைக்கணும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துவைக்காதே என்பதும் அவள்தான், துவை என்பதும் அவள்தான்.

அப்புறம் வேலை மளமளவென்று ஓடியது. ஒவ்வொரு பாட்டும் எங்கே ஆரம்பிக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரிவதற்காக அக்காவின் முன்னால் ஒரு மைக் வைத்தார்கள். குச்சியோடு குச்சியைத் தட்டி ஒன்று, இரண்டு என்று நாலு வரை எண்ணிவிட்டு வாசிப்பாள். அது தனி டிராக். கடைசியில் அழிக்க வேண்டியது. உள்ளே அவள் அடித்தாள், வெளியே நான் அடித்தேன். எட்டுப் பாட்டும் முடிந்தன.

திங்கட்கிழமை ரெக்கார்டரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு இவரும் அக்காவும் சின்னக்கருப்பனும் மதுரை பஸ் ஏறினார்கள். பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு, துணி எடுக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி நானும் தொற்றிக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி கிருஷ்ணன்கோவில் வரை அக்கா கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். தொடையில் விரல்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

தவசிமுத்து முதல் பாட்டின் தாளத்தை முழுக்கக் கேட்டார். அடுத்ததையும் கேட்டார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் வீட்டுக்காரரிடம், "பிரமாதமா இருக்கே. எந்த ரிதம் மெஷின் இது?" என்றார்.

இவர் முகம் மலர்ந்தது. நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். ஒரு இரைச்சல் இல்லாமல், ஒரு அடி பிசகாமல் எடுத்துக்கொண்டு வந்ததற்கு இதுதான் கூலி. எவ்வளவு சுத்தமோ அவ்வளவுக்கு அவள் அதில் இல்லாமல் போய்விட்டாள்.

"மெசினு இல்ல, நான்" என்றாள் அக்கா.

"அப்படியாம்மா? நம்ப முடியல. கேக்குறவனுக்கு எப்படித் தெரியப்போகுது?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். பிறகு என் வீட்டுக்காரரிடம், "ஹமீது, அந்த மைக் டிராக்கைத் தொற" என்றாள்.

அவர் திறந்தார். அக்காவின் குரல் வந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு, குச்சியைத் தட்டி, ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு. பின்னால் எங்கோ தண்ணீர் கொட்டுகிறது. பொத் பொத்தென்று துணி கல்லில் விழுகிறது.

"இது வேஸ்ட் டிராக்காச்சே. இதையா போடச் சொல்லுறீங்க? துளி இரைச்சல் இருக்கக் கூடாதுன்னு சொன்னேனே" என்றார் தவசிமுத்து.

"தாளத்துல ஒரு துளி இருக்கா? நீங்க கேட்டதை நான் கொண்டாந்துட்டேன். முதல் பாட்டுக்கு முன்னால இது இருக்கணும். இல்லன்னா நான் இதைத் திரும்ப எடுத்துட்டுப் போறேன்." சின்னக்கருப்பனிடம் வரும்போதே கேட்டு வைத்திருந்தாளா என்ன, அவரும் பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையசைத்தார். தவசிமுத்து அந்த எண்ணிக்கையை மறுபடி போட்டுக் கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார். "சரி, இருக்கட்டும்" என்றார்.

கேசட் வந்தது. அடுத்த பொங்கலுக்கு வ. புதுப்பட்டியில் மறுபடியும் எங்கள் கச்சேரி. மேடை போடும்போது மைக்செட்காரர் அந்தக் கேசட்டைத்தான் ஓடவிட்டார். அக்கா பேட்டுக்கு ஸ்டாண்டு மாட்டிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, ஒரு பொம்பளை மூச்சை இழுத்தாள்.

ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு.

முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தவர்கள் ஒருத்தர் ஒருத்தராக மேடையைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஏலே, இது அந்தம்மால்லா வாசிக்கி" என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. அக்காவுக்கும் கேட்டிருக்கும். அவள் நிமிரவில்லை, இறுகிப்போன திருகாணியை மறுபடி மறுபடி இறுக்கிக்கொண்டே இருந்தாள்.

நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் என்னவென்று கேட்டாள். "பின்னால பொத் பொத்துன்னு கேக்குதுல்லா, அது நானு" என்றேன்.